தரிசு என்று எழுதப்பட்ட மலை

ஏற்காட்டின் வரலாற்றை 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்த கதையிலிருந்தே தொடங்குவது வழக்கம். சுற்றுலாக் கையேடுகளும் அப்படித்தான். ஆனால் சேர்வராயன் மலையில் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை அதற்கு முன்பே இருந்தது. மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தவர் அல்லர்) ஒரு சரிவில் காட்டை வெட்டி எரித்துச் சாமையும் கேழ்வரகும் விதைப்பார்கள். சில ஆண்டுகளில் மண் களைத்ததும் அடுத்த சரிவுக்குப் போவார்கள். விட்ட நிலம் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஆகும்; பிறகு மறுபடி விதைப்புக்கு வரும்.

இப்படி ஓய்விலிருந்த நிலம் காலனிய வருவாய்த்துறையின் கண்ணில் 'தரிசு'. தரிசு என்று எழுதிவிட்டால் அது அரசுடைமை. அரசுடைமை ஆகிவிட்டால் தோட்டக்காரருக்குக் கொடுக்கலாம். மிஞ்சியதை 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடாக்க வழி செய்தது.

காப்பித் தோட்டத்துக்குக் கூலிகள் வேண்டும். சமவெளியின் சேரிகளிலிருந்து முன்பணக் கடனோடு மலையேறியவர்களில் நம் முன்னோரும் உண்டு. ஒப்பந்தத்தை முறித்து ஓடிய கூலியைக் குற்றவாளியாக்கியது 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம். விடுதலைக்குப் பிறகும் நிலம் நகரவில்லை. 1961இல் தமிழகம் 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் உச்சவரம்பு கொண்டுவந்தபோது காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. நிலச்சீர்திருத்தம் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இந்த விலக்கைச் சொல்வதே இல்லை.

பின்னர் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டினார்கள். சுற்றுலா விடுதிகள் பெருகின. மலைப்பகுதிக் கட்டுமானங்களை நெறிப்படுத்த 1990இல் 'ஹாகா' எனும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் வந்தது. வனம், வேளாண்மை, கனிமம் என்று துறைகளின் கருத்தைக் கேட்கிறார்கள். ஊரின் கருத்தைக் கேட்பதில்லை. ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழகத்தில் இல்லாததால் பெசா சட்டமும் இங்கே செல்லாது.

எஞ்சியது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டைப் பயன்படுத்தவும் காக்கவும் கிராம சபைக்கு அது அதிகாரம் தருகிறது. ஆனால் பட்டா வழங்குவதை 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை கட்டிப்போட்டது. 2016இல்தான் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. எட்டு ஆண்டுகள்!

தோட்டத் தலித்துக்கு இந்தச் சட்டமும் எட்டாது. அவர் குடியிருப்பது காட்டில் அல்ல, முதலாளியின் பட்டா நிலத்தில். 1951ஆம் ஆண்டுச் சட்டம் லைன் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியதுதான். ஆனால் வேலை போனால் வீடும் போகும். பழங்குடிக்கு நிலம் கொடுத்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கும் குரல் நம்மிடையே எழுகிறது. அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. அவர்கள் கேட்பது காப்புக்காட்டின் மீதான உரிமை. நாம் கேட்க வேண்டியது 1961இல் விலக்கு பெற்ற எஸ்டேட் நிலத்தில். இரண்டும் வேறு வேறு ஏக்கர்கள்.

எல்லோரும் கூடி மலைக்கு ஒரு நிலத்திட்டம் போடுவோம் என்று இப்போது அழைக்கிறார்கள். போகலாம். அதற்கு முன் இரண்டு தாள்கள் மேசைக்கு வரவேண்டும்: கிராம சபைகள் தாமே வரைந்த வன உரிமை வரைபடம், லைன் வீடுகளில் மூன்று தலைமுறையாக வாழ்வோரின் பட்டியல். முதலாவதைக் கேட்கச் சட்டம் இருக்கிறது. இரண்டாவதை நாம்தான் வீடு வீடாகப் போய் எழுத வேண்டும்.