சீமைக்கருவேலம் யார் கொண்டு வந்தது?

ஊருக்கு வர்ற நண்பர்கள் வண்டியை விட்டு இறங்கினதும் கேட்பாங்க: "இந்த முள்ளைக் காமராஜர்தானே கொண்டாந்து விட்டாரு?" வாட்ஸப் கதை. காமராஜர் பிறந்தது 1903. சீமைக்கருவேலம் அதுக்கு 26 வருஷம் முன்னாடியே மதராஸ் மாகாணத்துக்குள்ள வந்துடுச்சு.

அப்போ வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்தார். 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். தாது வருஷப் பஞ்ச காலம் அது. வறண்ட பூமியில் விறகு தர ஒரு மரம் வேணும் என்ற யோசனை அன்றைக்குத் தப்பாகத் தெரிந்திருக்காது. பிறகு வேலிக்கும் விறகுக்குமாக நாமளே பரப்பினோம். வேலிகாத்தான்னு பேரும் வெச்சோம்.

நாட்டுக்கருவேலத்தையும் இதையும் குழப்பிக்காதீங்க. நாட்டுக்கருவேலம் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாதிரி இருக்கும். சீமைக்கருவேலம் பூ விரல் மாதிரி நீளம். காய் தட்டையா, பழுத்தா இனிக்கும். அந்த இனிப்புதான் வினை. ஆடு மாடு தின்னும், விதை செரிக்காம சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். உரத்துக்குன்னு ஆட்டுக்கிடை போட்ட புஞ்சையில அடுத்த மழைக்குக் கன்னு கன்னா எழும்பும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. மழை பொய்த்த வருஷம் மிளகாயும் நெல்லும் கைவிட்டாலும், இந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினால் காசு. அதனால தரிசை அப்படியே விட்டவங்க உண்டு. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னப்போ ஊரெல்லாம் ஜேசிபி உறுமிச்சு. கண்மாயில் மேலே முறித்துப் போட்டதெல்லாம் திரும்பத் தழைத்துவிட்டது.

காரணம் எளிது. தரையோடு வெட்டினால் தூரிலிருந்து நாலைஞ்சு கிளையா வரும். மழை பெய்து மண் இளகினதும் தூரோடு தோண்டி எடுக்கணும். சின்னக் கன்னுன்னா கையாலேயே வரும், முள் மட்டும் கவனம். மண்ணுக்குள்ள கிடக்கிற விதை அதுக்கப்புறமும் பல வருஷம் முளைக்கும். எடுத்த நிலத்தைச் சும்மா போட்டா பழையபடி காடுதான். உழுது எள்ளோ உளுந்தோ விதைக்கணும், கிடை போடுறவர்கிட்ட ஆடு எங்கே மேய்ஞ்சுட்டு வருதுன்னும் கேட்டுக்கணும்.