அஞ்சும் மழலையும் ஆற்றும் மருந்தும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, 1885இல் அதனை அளந்து குறித்த வில்லியம் கேமரனால் அப்பெயர் பெற்றது. 1929இல் ஜே.ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அம்மலைச் சரிவுகளில் கொழுந்து தளிர்க்க உழைத்த கைகளுள் தமிழர் கைகள் பல.

தோட்டத்து மருந்தகம் காய்ச்சலையும் காயத்தையும் அறிந்திருந்தது. ‘டிரெசர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளரிடம் அவற்றுக்கு மருந்தும் இருந்தது. ஆனால், பேசாது ஒதுங்கி, சங்கொலி கேட்டுச் செவி பொத்தி அலறும் குழந்தையின் அச்சத்திற்கு அங்கே பெயரே இல்லை. பிடிவாதம் என்றனர் சிலர். காற்றுக் கருப்பு எனத் தாயத்துக் கட்டினர் வேறு சிலர். 1911இல் பேராக்கில் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரோ ஏளனச் சொல்லாயிற்று. ஆதலின் மருத்துவரை நாடவும் பெற்றோர் நாணினர்.

அமெரிக்காவில் 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து மதியிறுக்கத்தை விரித்துரைத்தார். சிறு மாறுதலும் பேரொலியும் அவர்களை நடுங்கச் செய்ததை அவர் அன்றே குறித்தார். அச்சம் இந்நிலையின் நிழல்போல உடன்வருவது என்பதற்கு அதுவே சான்று.

அவ்வச்சத்தைத் தணிப்பது மருந்தா, பயிற்சியா? 2006இல் அமெரிக்க அரசு ரிஸ்பெரிடோன் மருந்தை இக்குழந்தைகளுக்கு ஏற்றது; அஃது அடங்காச் சினத்திற்கேயன்றி அச்சத்திற்கன்று. 149 குழந்தைகளிடம் சிட்டலோப்ராம் மருந்தைச் சோதித்து 2009இல் வெளிவந்த ஆய்வில், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் குறையவில்லை. பக்க விளைவுகளே மிகுந்தன. மாறாக, 167 சிறுவரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு, எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாகப் பழக்கும் முறை அச்சத்தைக் குறைத்ததெனக் காட்டியது. மதியிறுக்கத்திற்கேற்ப மாற்றியமைத்த பயிற்சியே சிறந்தது என்றும் நிறுவியது. எனினும், பயிற்சியால் மட்டும் தணியாத கடுந்துயருக்கு, மருத்துவர் கண்காணிப்பில் தரும் மருந்து துணையாகலாம்.

மலேசியாவில் 1986இல் தேசிய ஆட்டிசச் சங்கம் தோன்றியது. 2008இல் மாற்றுத்திறனாளர் சட்டம் இயற்றப்பட்டது. 2014இல் சுகாதார அமைச்சு மதியிறுக்கத்திற்கான மருத்துவ வழிகாட்டியை வெளியிட்டது. நெறி பிறந்தது, அது மலையேறுவதே அரிது. மாத்திரை எளிதில் மலையேறும். வாரந்தோறும் அமர்ந்து பழக்கும் பயிற்சியாளர் எளிதில் ஏறார். கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி பெறும் தாய், பிள்ளையோடு மலையிறங்கும் நாளெல்லாம் கூலியை இழப்பாள். மேலும், பயிற்சி சொல்லால் நடப்பது; தமிழே அறிந்த குழந்தைக்கு அது தமிழில் வேண்டும்.

இங்கேதான் தமிழாசிரியர்தம் பணி தொடங்குகிறது. நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டலாம். மணியடிக்குமுன் அதனை அறிவிக்கலாம். ஒதுங்கி அமர ஓர் அமைதியான மூலை தரலாம். இவை மருத்துவத்திற்கு மாற்றல்ல, அதற்கு வழிவகுப்பன. அலறலைக் குறும்பெனத் தண்டிக்கும் பிரம்பு அச்சத்தை வளர்க்கும். அச்சமென உணர்ந்த ஆசிரியரின் ஒரு சொல், அக்குழந்தையை உரிய மருத்துவரிடம் சேர்க்கும்.