ஓர்லி மேடையில் காத்திருந்த விதி

1961இல் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் புதிய தெற்கு முனையம் திறக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் பார்ப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக அங்கிருந்த பார்வை மேடையில் திரண்டார்கள். அந்த மேடையைத்தான் கிறிஸ் மார்க்கர் தன் ‘லா ஜெத்தே’ (1962) படத்தின் களமாக்கினார்.

28 நிமிடப் படம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்கள். பின்னணியில் ஒரு குரல். ஒரே ஓர் இடத்தில், படுக்கையில் கிடக்கும் பெண் கண் திறந்து இமைக்கிறாள். அந்தச் சில நொடிகள் மட்டும் அசைகின்றன. உடம்பு சிலிர்த்துவிடும்.

சிறுவன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் ஒரு பெண்ணின் முகத்தையும், ஒரு மனிதன் விழுந்து சாவதையும் பார்க்கிறான். பிறகு மூன்றாம் உலகப் போர் பாரிஸைச் சாம்பலாக்குகிறது. வளர்ந்து, நிலத்தடி முகாமில் கைதியாகக் கிடக்கும் அவனை, அந்த நினைவின் பிடிப்பை நம்பியே காலத்தில் பின்னோக்கியும், பிறகு முன்னோக்கியும் அனுப்புகிறார்கள். எதிர்கால மனிதர்கள் தங்களோடு வரச் சொல்லியும் மறுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையையே கேட்டு வாங்குகிறான். அவளை நோக்கி ஓடும்போது, முகாமிலிருந்து பின்தொடர்ந்து வந்தவன் கண்ணில் படுகிறான். சிறுவயதில் கண்ட சாவு தன்னுடையதே என்பது அப்போதுதான் விளங்குகிறது.

பல படங்களில் விதி வெளியிலிருந்து வந்து விழும். இங்கே நாயகனின் ஆசையே அவனை அதனிடம் கொண்டுசேர்க்கிறது. படத்தின் வலிமையே அதுதான். 1995இல் டெர்ரி கில்லியம் இதைத் தழுவி ‘12 மங்கீஸ்’ எடுத்தபோது கதையில் எவ்வளவோ மாற்றினார். விமான நிலையத்தில் ஒருவன் சாவதைச் சிறுவனான அவனே பார்த்து நிற்கும் முடிவை மட்டும் அவர் கைவிடவில்லை.