என்பு மச்சையும் எண்ணிக்கையும்

குருதியின் பிறப்பிடம் எது என்று கேட்டோருக்குப் பழைய மருத்துவ நூல்கள் ஈரலையும் மண்ணீரலையும் சுட்டிக் காட்டின. 1868 இல் கோனிக்ஸ்பேர்க் நகரப் பேராசிரியர் ஏர்ண்ஸ்ட் நொய்மான், செங்குழியங்கள் என்பு மச்சையிலேயே உருவாகின்றன என அறிவித்தார். அதே ஆண்டில் இத்தாலியரான பிட்சொசேரோவும் தனித்து அம்முடிவை எய்தினார். 1870 இல் நொய்மான், குருதிப்புற்றினால் இறந்தவரின் மச்சையும் நோயுற்றிருந்ததை விவரித்தார்.

இறந்தவரின் மச்சை! ஆய்வாளன் அறிவு பெற்றான். நோயாளி பெற்றது ஏதுமில்லை. 1908 இல் கெடினி என்பார் உயிருள்ளோரின் கணைக்கால் என்பைத் துளைத்து மச்சையை எடுத்தார். எனினும் அது சத்திர சிகிச்சை, நினைத்தபோதெல்லாம் செய்யக்கூடியதன்று. 1927 இல் லெனின்கிராட் இராணுவ மருத்துவக் கழகத்து மிகயீல் ஆரின்கின், மார்புப்பட்டை என்பினுள் ஊசியைச் செலுத்திச் சில துளி மச்சையை உறிஞ்சி எடுத்தார். கத்தியும் வேண்டியதில்லை, சத்திர சிகிச்சைக் கூடமும் வேண்டியதில்லை. 1929 இல் அவரது கட்டுரை ஜேர்மன் மொழியில் வெளிவரவே முறை எங்கும் பரவிற்று. சாதாரண வைத்தியசாலையின் கட்டிலருகே செய்யத்தக்கதாக அறிவியலை இறக்கிவைத்த இச்செயலை, பெரும் கண்டுபிடிப்புகளுக்குத் தாழ்ந்ததாக நான் கருதவில்லை.

துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வழக்கமாக 500 கலங்களை ஒவ்வொன்றாக வகைபிரித்து எண்ணுவர். நலமுள்ள வளர்ந்தோரில் வெண்குழிய வழிக் கலங்கள் செங்குழிய வழிக் கலங்களைப் போல் ஏறத்தாழ மும்மடங்காகும். விகிதம் பிறழுமாயின் ஐயம் எழும். முதிராக் கலங்கள் மலிந்திருப்பின் ஐயம் அச்சமாகும்.

எத்தனை இருந்தால் மலிவு? இவ்விடத்தில்தான் எண் இயற்கையின் வாக்கு அன்று என்பது புலனாகிறது. 1976 இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரித்தானிய அறிஞர் கூடி, மச்சை வழித் தீவிர குருதிப்புற்றுக்கு 30 வீதம் என வரம்பு வகுத்தனர். 2001 இல் உலக சுகாதார நிறுவனம் அதனை 20 வீதமாகக் குறைத்தது. இடைப்பட்டோரின் கதியும் 30 வீதத்தினரின் கதியை ஒத்திருந்தமையே காரணம். ஆகவே, 25 வீதம் கொண்ட ஒருவர் முன்னைய கணக்கில் நோயின் வாயிலில் நின்றவர். பின்னைய கணக்கில் நோயாளி. மச்சை மாறவில்லை, கோடே மாறிற்று. அவருக்கு எச்சிகிச்சை, எப்போது என்பன அக்கோட்டையே பெரிதும் சார்ந்திருந்தன. 2022 இல் அந்நிறுவனம், குறிப்பிட்ட சில மரபணு மாற்றங்கள் காணப்படின் 20 வீதம் என்னும் வரம்பே வேண்டியதில்லை என்று வகுத்தது.