மண்டி மொஹல்லாவும் மேற்படிப்புக் கடனும்

மைசூரின் பழைய மொஹல்லாக்களில் மண்டிக்குத் தனி முகம் உண்டு. மொத்த வியாபாரக் கடைகள், கிடங்குகள், பட்டறைகள், அவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள். முஸ்லிம்கள் நிறைந்த தெருக்களுக்கு நடுவே தமிழ் பேசும் வீடுகளும் உண்டு. இங்கிருந்து சில கிலோமீட்டரில் மானசகங்கோத்ரி. 1916இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் பிறந்த மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்கு, 1960இல் குவெம்பு துணைவேந்தராக இருந்தபோது முதுநிலைப் படிப்புக்கென்றே அமைந்த வளாகம் அது. பி.ஏ., பி.எஸ்சி. முடித்த நம் பிள்ளைகள் அந்த வாசலுக்குப் போவதா, கடைக் கல்லாவில் உட்காருவதா என்ற பேச்சு நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. பணம்தான் அதை முடிவு செய்கிறது. ஆகவே அரசின் கல்விக் கடன் வளர்ந்த கதையை இம்மலரில் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

யாருடைய பிள்ளைகளின் படிப்புக்கு அரசு செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி மைசூருக்குப் புதிதல்ல. 1918இல் அமைந்த மில்லர் குழு, பின்தங்கிய சமூகத்தாருக்கு அரசு வேலையில் இடமும் படிக்க உதவித்தொகையும் வேண்டும் என்றது. அது கொடை, திருப்பித் தர வேண்டியதில்லை. மேற்படிப்புக்குக் கடனாகக் கொடுக்கும் வழியை 1892இலேயே ஜாம்ஷெட்ஜி டாட்டா தம் அறக்கட்டளை மூலம் காட்டியிருந்தார். அரசு அந்த வழிக்கு வர எழுபது ஆண்டுகள் ஆயின.

1963இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. மெட்ரிக்குக்கு மேல் படிக்கும் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு வட்டியில்லாக் கடன். படிப்பு முடிந்து சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு சிறு தவணைகளில் கட்டினால் போதும். அதில் ஒரு விதியை நான் மிகவும் மதிக்கிறேன். கடன் வாங்கிப் படித்தவர் ஆசிரியர் வேலைக்கு வந்தால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பத்தாண்டு பாடம் நடத்தியவர் அரசுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. வகுப்பறை உழைப்பையே தவணையாக ஏற்றுக்கொண்ட அந்தச் சிந்தனை எவ்வளவு உயர்ந்தது! வசூல் பொறுப்பு மாநிலங்களிடம் இருந்தது. ஊர் மாறியவர்களைத் தேடிப் பிடிக்க முடியாமல் பாக்கி பெருகியது. 1990களின் தொடக்கத்தில் திட்டம் நின்றது. வசூல் முறையைத் திருத்தியிருக்கலாம், திட்டத்தையே மூடியிருக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த கட்டம் வங்கிகளுடையது. கனரா வங்கியின் தலைவராக இருந்த ஆர்.ஜே. காமத் தலைமையிலான குழு வகுத்த மாதிரித் திட்டத்தை, 2001 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பியது. அன்று உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்சம் உச்சவரம்பு. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் கல்விக் கடன் வேகமாகப் பரவியது. மத்திய நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் கடன் முகாம்களுக்குத் தாமே போய் நின்றார். நம் பக்கத்தில் அத்தனை வேகம் இல்லை. மண்டியில் கைமாற்றும் கணக்குமாக ஓடும் வியாபாரத்துக்குச் சம்பளச் சீட்டு ஏது? வருமான வரிக் கணக்கு இல்லாத அப்பாவின் பிள்ளைக்கு, மதிப்பெண் பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வங்கி மேசை முன் நிற்பது கடினமாகவே இருந்தது.

2009இல் வந்த வட்டி மானியம் பெரிய ஆறுதல். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும். அதற்கான நோடல் வங்கியும் கனராதான். ஆனால் இதில் ஒரு நிபந்தனையை நம் பிள்ளைகள் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். மானியம் ஒருவருக்கு ஒரே முறை: இளநிலைக்கு வாங்கிவிட்டால் முதுநிலைக்குக் கிடையாது. பி.இ. படிக்கும்போதே அதைப் பெற்ற மாணவி எம்.டெக்.குக்குப் போகும்போது முழு வட்டியையும் தானே சுமக்க வேண்டும். முதல் தலைமுறையாக மேற்படிப்புக்கு வருபவர்களைத்தான் இந்த விதி அதிகம் அடிக்கிறது.

மண்டி மொஹல்லாவில் கல்விக் கடன் பரவாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று நம்பும் குடும்பங்கள் வங்கிக் கடனை நினைத்தே பார்ப்பதில்லை. அது பிடிவாதமல்ல, நம்பிக்கை. அரசு அதற்கு மதிப்புக் கொடுத்து வழி செய்ய வேண்டும். கர்நாடகம் ஓரளவு செய்தது. ஹுன்சூர் தாலுகாவில் பிறந்த தேவராஜ் அர்ஸ் காலத்தில், 1977இல், பின்தங்கிய வகுப்பாருக்கும் சிறுபான்மையினருக்குமான கழகம் உருவானது. சிறுபான்மையினருக்கென்று தனிக் கழகம் 1986இல் வந்தது. அதன் ‘அரிவு’ கடனில் வட்டி என்ற பேச்சில்லை. 2 சதவீதச் சேவைக் கட்டணம் மட்டுமே. ஆனால் அது பொது நுழைவுத் தேர்வு வழியே தொழிற்படிப்புக்குப் போகிறவர்களையே முதன்மையாக மனத்தில் வைத்தது. எம்.ஏ., எம்.எஸ்சி. சேரும் பிள்ளைக்கு அதில் பெரிதாக இடமில்லை.

வெளிநாட்டு முதுநிலை, ஆய்வுப் படிப்புகளுக்கு ‘படோ பர்தேஷ்’ என்ற வட்டி மானியம் 2013-14 முதல் சிறுபான்மை மாணவருக்கு இருந்தது. 2022-23இல் நிறுத்திவிட்டார்கள். அதே காலத்தில் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் நின்றது. முனைவர் பட்டம் வரை கனவு கண்ட பிள்ளைகளுக்கு இரண்டு கதவுகள் ஒருசேர மூடின. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் தரமான நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்வோருக்கானது. ஜாமீனும் பிணையாளும் கேட்காது. 8 லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை, 7.5 லட்சம் வரையான கடனுக்கு 75 சதவீத உத்தரவாதத்தை அரசு ஏற்கிறது. சம்பளச் சீட்டு இல்லாத நம் தெருக்காரருக்கு இது நல்ல செய்தி. வட்டியை விலக்குபவருக்கு இதிலும் வழி இல்லை.

இம்மலரைக் கையில் எடுக்கும் பெற்றோர் வருமானச் சான்றிதழை மே மாதமே தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். இளநிலையில் மானியம் வாங்குமுன், முதுநிலை படிக்கும் எண்ணம் உண்டா என்று பிள்ளையிடம் கேட்கட்டும். நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் நாம் கொண்டுபோக வேண்டிய கோரிக்கை இரண்டு: முதுநிலைக்குத் தனி வட்டி மானியம், 1963இன் ஆசிரியர் தள்ளுபடி விதி மீண்டும்.