தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999

தங்கள் காலத்திற்குப் பின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்பதே வளர்ச்சிசார் குறைபாடுள்ளோரின் பெற்றோருக்கு இருந்த பெருங்கவலை. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் காப்பாளர் உரிமை முடிந்துவிடும். அதன்பின் நீதிமன்றத்தையே நாடவேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்ற 7 வகைக் குறைபாடுகளில் மதியிறுக்கம் இடம்பெறவில்லை.

இந்நிலையில் இந்திய நாடாளுமன்றம் 1999இல் இச்சட்டத்தை இயற்றியது. மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் இதில் அடங்கும். மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் குழு, 18 வயது கடந்தவர்களுக்கும் காப்பாளரை நியமிக்கிறது. கைவிடும் அல்லது சொத்தைக் கையாடும் காப்பாளரை நீக்கவும் செய்கிறது. அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது.

2016ஆம் ஆண்டின் சட்டம் மதியிறுக்கம் உட்பட 21 குறைபாடுகளை ஏற்றது. எனினும் காப்பாளர் சான்று வேண்டும் குடும்பம் இன்றும் இந்த உள்ளூர்க் குழுவையே அணுகுகிறது.