பானை ஓடும் பழைய வரலாறும்

வரலாற்றுக்குச் சான்றாவன யாவை என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்று வரிசைப்படுத்துவது நம் வழக்கம். இவை பெரும்பாலும் அரசரும் வணிகரும் புலவரும் விட்டுச்சென்றவை. உழவனும் குயவனும் அடுப்படியில் நின்ற பெண்டிரும் விட்டுச்சென்ற சான்று ஒன்று உண்டு. அதுவே உடைந்த பானை ஓடு. மரம் மக்கிப்போகும், துணி இற்றுப்போகும், உலோகத்தை உருக்கி வேறு பொருளாக்கிக் கொள்வர். உடைந்த ஓட்டை எடுத்துச் செல்வார் எவருமிலர். பானை எளிதில் உடையும். ஓடோ எளிதில் அழியாது. ஆகவேதான் நிலத்தை எங்கே அகழ்ந்தாலும் கூடை கூடையாக ஓடுகள் வெளிப்படுகின்றன.

இவ்வோடுகளைக் கண்ணால் கண்டு, நிறத்தாலும் வடிவாலும் வகைப்படுத்துவது பழைய முறை. எகிப்து நாட்டுக் கல்லறைகளில் கிடைத்த பானைகளின் வடிவ மாற்றத்தைக் கொண்டே பிளிண்டர்ஸ் பெட்ரி என்பார் 1899-இல் ஒரு காலவரிசையை வகுத்துக் காட்டினார். நம் நாட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும், 1947-இல் மைசூர்ச் சீமையின் பிரமகிரியிலும் அகழ்ந்து, தென்னாட்டு வரலாற்றுக்கு உறுதியான காலப்படிகளை அமைத்தார். அவருக்குத் துணைநின்றவையும் பானை ஓடுகளே.

ஆயினும் கண் ஏமாறுவதும் உண்டு. அரிக்கமேட்டில், உட்புறத்தில் பல்சக்கரம் கொண்டு ஒற்றியதுபோன்ற வளைய வரிகளையுடைய, மெல்லிய மழமழப்பான தட்டுகள் கிடைத்தன. அவை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை என்று வீலர் கருதினார். பின்னாளில் புனே தக்காணக் கல்லூரியைச் சார்ந்த விசுவாஸ் கோக்டே அவற்றின் கனிமங்களை எக்ஸ் கதிர் முறையால் ஆராய்ந்து, அம்மண் கங்கையாற்றின் கழிமுகப் பகுதி மண்ணை ஒத்திருப்பதாக 1997-இல் எடுத்துக்காட்டினார். உரோமிலிருந்து வந்ததாக எண்ணிய தட்டு, நம் கீழைக் கடற்கரை வழியே வந்த தட்டாயிற்று! ஒரு பிடி மண்ணை ஆராய்ந்ததால், வாணிக வரலாற்றின் ஓர் ஏடு திருத்தி எழுதப்பட்டது.

மண்ணை ஆராயும் இத்தகைய முறைகளுள் ஒன்று அகச்சிவப்பு நிறமாலை ஆய்வு. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், கதிரவனின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே புலப்படாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் வெப்பம் ஏறிற்று. கண்ணுக்குத் தெரியாத அக்கதிரே அகச்சிவப்புக் கதிர். ஒவ்வொரு கனிமத்திலும் உள்ள அணுப்பிணைப்புகள் தமக்கே உரிய வேகத்தில் அதிர்கின்றன. அவ்வதிர்வுக்கு ஒத்த கதிரை மட்டும் அவை விழுங்கிக்கொள்கின்றன. எந்தக் கதிர் குறைந்தது என்று அளந்தால், எந்தக் கனிமம் உள்ளது என்பது விளங்கும்.

இதற்கு வேண்டுவது ஓரிரு மில்லிகிராம் ஓட்டுத் தூளே. அதைப் பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்புடன் அரைத்து, வில்லையாக அழுத்திக் கருவியில் வைப்பர். களிமண்ணில் உள்ள கயோலின் என்னும் கனிமம், சென்டிமீட்டருக்கு 3,620 அலை, 915 அலை என்ற அளவுகளில் தன் அடையாளத்தைக் காட்டும். ஏறத்தாழ 500 முதல் 600 செல்சியஸ் பாகை வரை சூடேறினால் அதன் கட்டமைப்பில் உள்ள நீர்க்கூறு வெளியேறி, அவ்வடையாளங்கள் மறைந்துவிடும். எனவே அவை இன்னும் தெளிவாக இருப்பின், குயவனின் சூளை அவ்வளவு சூடு காணவில்லை எனலாம். 540-ஐ ஒட்டித் தோன்றுவது செந்நிற இரும்புத் துரு. காற்று நன்கு புகுந்த நெருப்புக்கு அது சான்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் இயற்பியல் அறிஞர்கள் தமிழ்நாட்டு அகழ்விடங்களின் ஓடுகளை இம்முறையால் ஆராய்ந்துள்ளனர்.

ஓர் ஓட்டின் செய்தியை இவ்வாறு படிக்கலாம். நூறு ஓடுகளின் செய்தியை எவ்வாறு படிப்பது? ஈண்டுப் புள்ளியியல் துணைக்கு வருகிறது. ஒவ்வோர் ஓடும் நீண்டதோர் எண்வரிசையைத் தருகிறது. அவ்வெண்களுள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறுவனவற்றைத் தொகுத்து, இரண்டு மூன்று அளவுகளாகச் சுருக்கி, ஒவ்வோர் ஓட்டையும் தாளில் ஒரு புள்ளியாகக் குறிப்பர். ஒத்த மண்ணும் ஒத்த சூளையும் கொண்டவை ஒரு திரளாக நெருங்கி நிற்கும். அயலானவை விலகி நிற்கும். எவ்வளவு விலகினால் அயல் எனலாம் என்பதற்கு அளவுகோல் தந்தவர் நம் நாட்டு அறிஞர் மகாலனோபிசு. மக்களின் உடலளவுகளை ஒப்பிட அவர் வகுத்து 1936-இல் வெளியிட்ட தொலைவுக் கணக்கு, இன்று உலகெங்கும் பானை ஓடுகளுக்கும் பயன்படுகிறது.

மைசூர்ச் சீமையில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சியில் தனிப்பட்ட அக்கறை உண்டு. காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிப்பூரில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த அகழ்வுகள் புதிய கற்காலப் பாண்டங்களை வெளிக்கொணர்ந்தன. அதே காவிரி கீழிறங்கிக் கொங்கு நாட்டை அடைகிறது; அங்கே நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வுகளில் கறுப்பு-சிவப்புப் பாண்டங்களும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. கறுப்பு-சிவப்புப் பாண்டம் கன்னட நாட்டிலும் நிறையக் கிடைக்கிறது. அப்படியாயின் அது யாருடையது என்று வழக்காடுவோர் உளர்.

அவ்வழக்குக்குப் பானை தரும் விடை நிதானமானது. மண் அயலூருடையதாயின், பானை பயணம் செய்தது, அது வாணிகம். வடிவம் அயலூருடையதாகி மண் உள்ளூருடையதாயின், கைத்தொழில் பயணம் செய்தது. குயவன் குடிபெயர்ந்திருக்கலாம், அல்லது உள்ளூரான் கண்டு பழகியிருக்கலாம். மொழி எது என்பதை எழுத்துப் பொறித்த ஓடன்றி வேறு ஓடு சொல்லாது. மேலும், ஒரே ஆற்றின் வண்டல் பல ஊர்களில் ஒத்திருக்கும். நிலத்தடி நீரால் புதைந்த ஓட்டில் சுண்ணாம்பு படியும். இவற்றையும் எண்ணிப் பாராது முடிவு கூறுவது முறையன்று.

ராமாபுரம் அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குள் அடங்கிற்று. எல்லைக்கோடு இடம் மாறிற்று, மண் மாறவில்லை. பழைய ஓடுகளில் இன்றைய எல்லைகளைத் தேடுவது வீண். ஊர்விட்டு ஊர்வந்த குயவன், தாய்நாட்டு வடிவத்தைப் புதுநாட்டு மண்ணில் வனைந்திருப்பின், அப்பானை இரு நாட்டுக்கும் உரியது. அயல் மாநிலங்களில் வாழும் நாம் இவ்வுண்மையை எளிதில் உணர்வோம். வயலிலோ ஏரிக்கரையிலோ பழைய ஓடு தென்பட்டால் அதைத் தோண்டிக் கலைக்காமல், தொல்லியல் துறையினருக்கு அறிவிப்பது நம் கடமை. இடம் பெயர்த்தெடுத்த ஓடு தன் சான்றில் பாதியை இழந்துவிடும்.